நெகடிவில் கறைகள்: காரணம் என்ன? தீர்வு என்ன?

தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் கோபுரத்தைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமெடுத்து, அதை வீட்டிலேயே கழுவியதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். வானத்தில் சிறு சிறு வட்டப் புள்ளிகள்! கோபுரத்தின் மீது வெண்ணிற வளையம்! இவை எப்படி வந்தன? இவற்றைப் போக்க முடியுமா?

முதலில் பிலிம் கழுவும் முறையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். பிலிமின் ஒரு பக்கத்தில் ஜெலாட்டின் பூச்சு உள்ளது. அதில் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளின் நுண்படிகங்கள் பரவியிருக்கின்றன. ஒளி பட்ட படிகங்களை டெவலப்பர் கரைசல் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. நுண்துகள்களாக இருப்பதால் அந்த வெள்ளி கறுப்பாகத் தெரிகிறது. எஞ்சிய உப்பை ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட் கரைத்து நீக்குகிறது. பின்பு நீரில் அலசி உலர்த்துகிறோம். இவற்றுள் எந்தப் படியில் குறை நேர்ந்தது என்பதைக் கறையின் நிறமும் வடிவமும் நமக்குச் சொல்லிவிடும்.

கூரிய விளிம்புடன் கண்ணாடிபோல் தெளிந்த வட்டப் புள்ளியா? டெவலப்பரை ஊற்றியபோது பிலிமில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தைக் கரைசல் தொடவே இல்லை. அச்சிட்ட படத்தில் இது கரும்புள்ளியாக விழும். இதற்குப் பரிகாரம் கிடையாது, தடுக்கத்தான் முடியும். கரைசலை ஊற்றியவுடன் தொட்டியை மேசைமேல் இரண்டு மூன்று முறை தட்டினால் குமிழிகள் விடுபட்டுவிடும்.

பிலிம் பால்போல் மங்கலாக இருக்கிறதா? வெள்ளி உப்பு முழுவதும் கரையவில்லை. புதிய ஹைப்போவில் மீண்டும் இட்டு, நன்றாக அலசினால் தெளிந்துவிடும். பல மாதங்கள் கழித்து மஞ்சளோ பழுப்போ படர்கிறதா? அலசியது போதவில்லை. தங்கிவிட்ட ஹைப்போ சிதைந்து, படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே சேர்மத்தால்தான்.

இனி அந்த வெண்வளையத்துக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளி பாறை நிலம். இங்கே கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் கடின நீராக உள்ளன. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நீரில் கால்சியம் பைகார்பனேட் முதலிய உப்புகள் கரைந்திருக்கின்றன. துளி உலரும்போது நீரும் கரியமில வாயுவும் வெளியேற, கால்சியம் கார்பனேட் பிலிமில் தங்கிவிடுகிறது.

அது ஏன் வளையமாகப் படிய வேண்டும்? துளியின் விளிம்பு பிலிமைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடக்கிறது. அங்கே குறையும் நீரை ஈடுசெய்ய, நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. உடன் கொண்டுவந்த பொருளையும் அங்கே சேர்த்துவிடுகிறது. மேசையில் சிந்திய காப்பி வளையமாக உலர்வதும் இவ்வாறுதான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள நீரில் 0.05 மில்லிலிட்டர் துளி ஒன்று 0.025 மில்லிகிராம் உப்பை விட்டுச்செல்லும். இது அற்பமான அளவுதான். ஆனால் 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் உயரம் 24 மி.மீ. மட்டுமே. அதை 24 செ.மீ. உயரத்துக்குப் பெருக்கினால், 5 மி.மீ. வளையம் 5 செ.மீ. வளையமாகிக் கோபுரத்தையே மறைத்துவிடும்!

இந்தக் கறையைப் பெரும்பாலும் போக்கலாம். கார்பனேட்டை அமிலம் கரைக்கும் அல்லவா? சமையல் வினிகர் ஒரு பங்கும் நீர் இரண்டு பங்கும் கலந்து, அதில் பிலிமைச் சில நிமிடங்கள் ஊறவைத்து, மீண்டும் அலசுங்கள். ஈர ஜெலாட்டின் மிக மென்மையானது. அதைத் தேய்க்கக் கூடாது.

கடைசி அலசலுக்கு மட்டும் பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். வெறுமனே கொதிக்கவைத்த நீர் போதாது. கொதித்தால் பைகார்பனேட் படியுமே தவிர, மற்ற உப்புகள் நீரிலேயே இருக்கும். இதற்கென விற்கும் ஈரமாக்கி திரவத்தில் சில துளிகளைச் சேர்த்தால் நீரின் பரப்பு இழுவிசை குறையும். நீர் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாக வழிந்துவிடும். எல்லாக் கரைசல்களும் அலசும் நீரும் ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் சூடேறிய குழாய் நீரைத் திடீரென்று ஊற்றினால் ஜெலாட்டின் சுருங்கி வலைபோல் வெடிக்கக்கூடும்.

வினிகருக்கும் அசையாத தடங்கள் உண்டு. பூச்சுப் பக்கத்தில் நின்ற துளியின் அடியில் ஜெலாட்டின் மற்ற இடங்களைவிடத் தாமதமாக உலரும். அதனால் அங்கே இழுவிசை மாறி, வெள்ளித் துகள்களின் அமைப்பே குலைந்துவிடும். இது உப்பு அன்று, ஆகவே கரையாது.

கறையையும் உண்மையான உருவத்தையும் பிரித்தறிவது அறிவியலுக்கும் தேவை. நம் மாவட்டத்திலேயே உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். முதலில் கண்ணாடித் தகடுகளில், பின்பு பிலிமில். நெகடிவில் சூரிய வட்டம் கறுப்பாகவும், சூரியப் புள்ளி வெளிறியும் தெரியும். காற்றுக்குமிழி விட்ட தடமும் வெளிறித்தான் இருக்கும்! எது எது என்று எப்படிச் சொல்வது? வளர்ந்த சூரியப் புள்ளியில் உட்கருநிழலும், அதைச் சூழ்ந்த புறநிழலும் உண்டு. குமிழித் தடத்தில் இவை இரா. மேலும், பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் சுமார் 27 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. எனவே உண்மையான புள்ளி அடுத்த நாள் படத்தில் சற்று நகர்ந்து காணப்படும். குமிழித் தடமோ அந்த ஒரு நெகடிவோடு நின்றுவிடும்.

ஆகவே ஒரே காட்சியை இரண்டு முறை படமெடுத்து வையுங்கள். இரண்டிலும் உள்ளது காட்சியைச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் இருப்பது பெரும்பாலும் கறை.