தறிக்கு மேலே ஒரு நினைவகம்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பட்டு நெய்கிற குடும்பம். பள்ளியில் கம்ப்யூட்டர் வரலாறு படித்துவிட்டு வந்த மகள், "நம்ம தறிக்கு மேல இருக்கிற பெட்டிதாம்பா முதல் கம்ப்யூட்டர்" என்றாளாம். 'தினமும் அந்தப் பெட்டிக்கு எண்ணெய் விடுகிறவன் நான். இது நிஜமா, இல்லை பாடப் புத்தகத்துக்காகச் சொல்வதா?' என்று கேட்கிறார்.

மகள் சொன்னது பாதி சரி. தறிக்கு மேல் இருக்கும் அந்த ஜக்கார்டு பெட்டி கணக்குப் போடாது. இரண்டு எண்களைக் கூட்டவோ, எது பெரிது என்று பார்க்கவோ அதற்குத் தெரியாது. அதனால் அது கம்ப்யூட்டர் ஆகாது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு பொருளில் பதிந்து வைத்து, பிறகு அதை ஒவ்வொரு வரியாகப் படித்து, படித்தபடியே வேலை செய்கிறது. இன்று நாம் மெமரி என்றும் புரோகிராம் என்றும் சொல்வதெல்லாம் இந்தப் பாதிக்குள்தான் வருகின்றன. அந்தப் பாதியைக் கணக்குப் பிள்ளைகளுக்கு முன்பே நெசவாளர்கள் செய்துவிட்டார்கள்.

எனக்குக் கருவிகள்மீது ஒரு பைத்தியம் உண்டு. ஓடாத ஹார்டு டிஸ்க், படிக்க முடியாத ஃப்ளாப்பி, சார்ஜர் தொலைந்த போன் என்று எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதான். அவற்றோடு ஒரு கட்டுத் துளை அட்டைகளும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருந்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள், ஓட்டி முடித்த அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நல்ல கெட்டிக் காகிதம். அம்மா அதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவார். துளை விழுந்த இடத்தைத் தாண்டித் தாண்டித் துவரம்பருப்பும் மிளகாயும் இருக்கும். ஐபிஎம் கம்பெனி 1928இல் கொண்டுவந்த 80 பத்தி அட்டை அது. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370 வந்தபோதும் மாணவர்கள் இப்படிப்பட்ட அட்டைக் கட்டோடுதான் வரிசையில் நின்றார்கள். பல வருடம் கழித்துக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறிக்கு மேலே அட்டைகள் மாலைபோல் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மாவின் மளிகைப் பட்டியல்தான்.

பாவு, ஊடை, நாடா, அச்சு இவையெல்லாம் என்ன என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை, ஊடையைக் கொண்டுபோவது நாடா. பெட்டிக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன். உள்ளே கொக்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கியின் கீழேயும் கயிறு. கயிற்றின் முனையில் பாவு இழை. கொக்கிகளுக்குக் குறுக்கே ஊசிகள் படுத்திருக்கின்றன. ஊசிகளின் முனைக்கு எதிரே அட்டை. நெசவாளர் மிதியை மிதித்ததும் அட்டை வந்து ஊசிகள்மேல் அழுந்துகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி அதற்குள் நுழைந்துகொள்கிறது, அதன் கொக்கி அசையாமல் நிற்கிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ள, ஊசி கொக்கியைத் தள்ளிவிடுகிறது. அடுத்த கணம் ஓர் இரும்புச் சட்டம் மேலே எழும்புகிறது. கூட்டமான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர்களில் முழங்கையில் இடி வாங்கியவருடைய பிடி மட்டும் நழுவுமே, அப்படித் தள்ளுப்பட்ட கொக்கிகள் சட்டத்தில் மாட்டாமல் கீழேயே தங்கிவிடுகின்றன. மற்றவை இழைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போகின்றன. அந்த இடைவெளியில் நாடா ஓடுகிறது. மிதியை விட்டதும் அட்டை தாங்கும் கட்டை ஒரு கால் சுற்று திரும்பி, அடுத்த அட்டையை நீட்டுகிறது. அந்தக் கட்டைக்கு சிலிண்டர் என்று பெயர். வடிவம் என்னவோ சதுரம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேலை செய்வது அட்டையில் இருக்கும் காகிதம். துளை ஒன்றும் செய்வதில்லை. 'இவனைத் தொடாதே' என்பதுதான் துளை தரும் கட்டளை. தொடாமல் விடப்பட்ட இழைதான் மேலே வந்து ஜரிகைக்கு வழிவிடுகிறது.

லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் 1804-05 வாக்கில் இதை உருப்படியான ஒரே பெட்டியாக்கினார். அவருக்கு முன்பே 1725இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளும், 1728இல் ஃபால்கோன் கோத்த அட்டைகளும் செய்து பார்த்திருந்தார்கள். பெயர் ஜக்காருக்குப் போய்விட்டது. 1839இல் அவர் படத்தையே அவருடைய தறியில் பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. பலர் அதை அச்சுப்படம் என்றே நினைத்தார்கள். அதில் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டியவர் லண்டன் கணித மேதை சார்லஸ் பாபேஜ். அவர் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அட்டை வழியாகவே கட்டளை கொடுக்க எண்ணினார். அந்தப் பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் என்பவர் துளை அட்டையால் எண்ணினார். அவர் தொடங்கிய கம்பெனி பிறகு வேறு சிலவற்றோடு சேர்ந்து ஐபிஎம் ஆயிற்று. அம்மாவின் மளிகைப் பட்டியல் வரை வந்த வழி இதுதான்.

ஆனால் வாசகர் கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. காஞ்சிபுரத்தில் பெட்டி வருவதற்கு முன்பே நினைவகம் இருந்தது. அதற்கு அடை என்று பெயர். இரும்பும் அட்டையும் இல்லை, வெறும் நூல். பாவு இழைகளோடு கட்டிய கயிறுகள் தறிக்கு மேலே தொங்கும். டிசைனின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறுக்கு நூல் உண்டு. எந்தக் கயிறு எழ வேண்டுமோ அதை வளைத்துக்கொண்டு போகும். எது எழ வேண்டாமோ அதை விட்டுவிட்டுப் போகும். உதவியாள் அந்த நூலை இழுத்தால், வளைபட்ட கயிறுகள் மட்டும் சேர்ந்து வரும், அவற்றின் இழைகள் எழும். அடுத்த ஓட்டத்துக்கு அடுத்த நூல். ஓர் அன்னபட்சியோ யாளியோ முழுவதும் இப்படி நூலில் நூலாகக் கட்டப்பட்டிருக்கும். அடை கட்டத் தெரிந்தவர் படத்தைப் பார்த்துக் கட்டினார். இழுப்பவருக்குப் படமே தெரியத் தேவையில்லை.

இப்போது நிலாவுக்குப் போவோம். 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங்கை இறக்கிய அப்பல்லோ ஓடத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு 36,864 சொற்கள் கொள்ளும் நிலை நினைவகம் இருந்தது. இன்றைய கணக்கில் 72 கிலோபைட்டுக்கு மேல் இல்லை. சின்னச் சின்னக் காந்த வளையங்கள். அவற்றை ஒட்டி மெல்லிய செப்புக் கம்பிகள். கம்பி வளையத்துக்குள் நுழைந்து போனால் 1. வளையத்துக்கு வெளியே போனால் 0. மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தமில், ரேதியான் கம்பெனியின் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து இதைக் கையால் கோத்தார்கள். நெசவாலைகளில் வேலை செய்து பழகியவர்களும் அவர்களில் இருந்தார்கள். எந்த வளையம் அடுத்தது என்று ஓர் இயந்திரம் காட்டும், ஊசியை நுழைப்பது பெண்ணின் கை. அந்த இயந்திரத்தை நடத்தியது எது தெரியுமா? துளையிட்ட காகித நாடா.

உள்ளே போனால் ஆம், வெளியே போனால் இல்லை. வளைத்தால் ஆம், விட்டால் இல்லை. அடைக்கும் அப்பல்லோவுக்கும் கொள்கை ஒன்றுதான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்ததாக நான் சொல்லவில்லை. 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டுகிற கூட்டத்தில் எனக்குச் சேர்க்கை கிடையாது. ஒரே சிக்கலை எதிர்கொண்ட இரண்டு இடத்துக் கைகள் ஒரே முடிச்சைப் போட்டிருக்கின்றன, அவ்வளவே. அதுவே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

அடையைப் பற்றிக் கண்கலங்க எழுதுகிறவர்கள் ஒன்றைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். அதை இழுத்தது பெரும்பாலும் ஒரு பையன். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தறிக்குப் பக்கத்தில் நின்றான். பெட்டியும் மிதியும் வந்து அவனை விடுவித்தன என்றால் பெட்டிக்கு ஒரு கும்பிடு. மீண்டும் எல்லாரும் அடைக்குத் திரும்ப வேண்டும் என்பதல்ல என் கட்சி. அடையில் என்ன கட்டப்பட்டிருந்தது என்று எழுதி வைக்காமல் அறுத்துப் போட்டோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது அட்டைக்கும் அதே கதி. 1983இல் மிலானில் நடந்த இயந்திரக் கண்காட்சியில் போனாஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டைக்குப் பதில் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு மின்காந்தம். டிசைன் கோப்பாக வரும், பென் டிரைவில் ஏற்றினால் போதும். கைத்தறிக்கும் இது வந்துவிட்டது. அரசு மானியமும் உண்டு. நல்லதுதான். அட்டை அடிக்கும் செலவு மிச்சம், தலைக்கு மேல் தொங்கும் பாரமும் குறையும். உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை போடுவதற்கு இன்னமும் மூன்று நாடாவும் இரண்டு பேர் கையும் வேண்டும் என்பதால் நெசவாளரை அது வெளியே தள்ளிவிடவும் இல்லை. ஆனால் பெட்டி மாறியதும் பழைய அட்டைகள் எங்கே போகின்றன? பழைய பேப்பர் கடையில் எடைக்கு.

எடைக்குப் போவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். 240 கொக்கிப் பெட்டியில் ஓர் அட்டைக்கு 240 இடம், ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு அல்லது இல்லை. அதாவது 30 பைட். ஓர் அட்டைக் கட்டில் 800 அட்டை என்று வைத்தால் 24,000 பைட். தினமும் காலை வணக்கம் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூப் படம் இதைவிடப் பெரியது. அந்த ரோஜாப்பூ நம் ஒவ்வொரு போனிலும் நூறு தடவை பத்திரமாக இருக்கிறது. அப்பாவுடைய அப்பா காலத்து இருதலைப்பட்சி ஒரு தடவைகூட இல்லை.

நண்பர் ஒருவர் எடைக்குப் போகவிருந்த கட்டு ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வோர் அட்டையாக நிறுத்திப் போனில் படம் எடுத்தேன். வெளிச்சம் தெரியும் இடம் துளை, தெரியாத இடம் காகிதம். இதைப் பிரித்துக் கட்டங்களாக அடுக்க பைத்தானில் ஒரு சின்ன நிரல் போதும், கல்லூரிப் பிள்ளைகள் ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடுவார்கள். திரையில் வரி வரியாக ஏதோ வளைந்து ஏறியது. மேலே ஒரு கொண்டை, கீழே ஒற்றைக் கால். பாதி மயில்! கயிறு கட்டும்போது வலமும் இடமும் எதிரெதிராகக் கட்டிவிட்டால், அட்டையில் பாதி உருவம் இருந்தாலே தறியில் முழு உருவம் வரும். அந்த விவரம் அட்டையில் இருக்காது. கட்டியவருக்குத்தான் தெரியும். இந்தக் கட்டு பேட்டு என்கிற கரைக்கா, முந்திக்கா, எந்த ஊடையில் ஜரிகை போகும் என்பதும் அப்படியே. பெயர்கூட இல்லாத அட்டைக்கட்டு, தலைப்புக் கிழிந்த புத்தகம் மாதிரிதான். கோப்புகளும் இந்த விஷயத்தில் உயர்த்தி இல்லை. 'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைத்த கோப்பில் தாழம்பூ ரேக்கு இருக்கிறதா, மல்லிமொக்கு இருக்கிறதா என்று பத்து வருடம் கழித்து யார் சொல்வார்கள்?

இதற்கு வழி காட்ட வெளியூர் நிபுணர் தேவையில்லை. வேகவதிக் கரையில், வாசகரின் ஊரிலேயே, திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானம் முழுக்க ஓவியம். தீர்த்தங்கரர்களின் கதைகள், கண்ணன் கதை எல்லாம் வரிசை வரிசையாக ஓடுகின்றன. பிற்காலத்தில் மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள், பல இடம் உதிர்ந்தும் போயிருக்கிறது. ஆனாலும் எந்தக் காட்சி எது என்று அறிஞர்களால் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், படங்களுக்குக் கீழே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்ததுதான். படம் வரைந்தவர் தன்னோடு விஷயம் போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கி, தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு, உற்பத்தி மூன்றையும் பெயரிலேயே வைத்துக்கொண்டு, 2007இல் தொடங்கிய மத்திய அரசுக் கல்வி நிறுவனம் ஒன்று வண்டலூர்ப் பக்கம் கண்டிகையில் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகத் தேவைப்படும் வேலை, இந்த அட்டைகளைக் காப்பதைவிட வேறு கிடைக்குமா? காஞ்சிபுரத்து நெசவாளர் சேவை மையமும் அந்த மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால், தெருத்தெருவாகப் போய் அட்டைகளைப் படம்பிடித்து, எல்லாருக்கும் திறந்த ஒரு களஞ்சியமாக வைக்கலாம். யாருடைய டிசைன் என்ற பெயரோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விசைத்தறிக்காரர் கையில் இலவசப் பரிசாகத்தான் போய்ச் சேரும். நெசவாளர்கள் தயங்குவதற்கு அது நியாயமான காரணம்.

அவர்கள் வரும்வரை, வாசகர் வீட்டிலேயே செய்ய ஒரு வேலை இருக்கிறது. மகளைக் கூப்பிடுங்கள். பரணில் இருக்கும் ஒவ்வொரு கட்டின் முதல் அட்டையிலும் அழியாத பேனாவால் எழுதச் சொல்லுங்கள்: உருவத்தின் பெயர், பெட்டிக்கு எத்தனை கொக்கி, கயிறு நேர்க்கட்டா எதிர்க்கட்டா, பேட்டா முந்தியா, யார் போட்ட டிசைன், எந்த வருடம். பிறகு வரிசை கலையாமல் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வைக்கட்டும். அதன்பிறகு அட்டையை எடைக்குப் போட்டாலும் போடுங்கள்.