பந்திக்கு நடுவே ஒரு தடுப்பு

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் உணவுக்கூடத்தில், ரமண மகரிஷி வாழ்ந்த காலத்தில், பிராமணர்கள் ஒருபுறமும் மற்றவர்கள் மறுபுறமுமாக அமர்ந்து உண்ணும்படி நடுவே ஒரு தடுப்பு வைக்கப்பட்டிருந்தது. மகரிஷி இரு பகுதியினரும் தம்மைக் காணக்கூடிய ஓரிடத்தில் அமர்ந்து உண்டார். 1935-இல் வந்து சேர்ந்து 1962-இல் மறையும்வரை அவ்வூரின் அருணாசல மலையடிவாரத்தையே வீடாகக் கொண்ட ஆங்கிலேயர் மேஜர் ஆலன் சாட்விக் முதலான ஐரோப்பிய அடியார்களுக்கும் பிராமணரல்லாதார் பகுதியிலேயே இலை போடப்பட்டது. அதே ஆண்டுகளில் சென்னையின் மெட்ராஸ் கிளப் வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததையும், 1924, 1925-ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி நடந்தது பெரும் அரசியல் பூசலாக வெடித்ததையும் சேர்த்து எண்ணினால், தமிழகத்தில் மனிதரைப் பிரித்த கோடு ஒன்றல்ல, இரண்டு என்பது விளங்கும்: ஒன்று ஆள்வோர் வகுத்த நிறக்கோடு, மற்றொன்று அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த சாதிக்கோடு. இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிறக்கும் நட்பை எழுதுவது வரலாற்றுப் புனைகதைக்குக் கிடைத்த அரிய பொருளாகும். அது கடினமான பொருளும் ஆகும்.

வரலாற்றுப் புனைகதை என்பது ஆசிரியர் தம் காலத்துக்கு முந்தைய ஒரு காலத்தை ஆவணங்களின் துணையோடும் கற்பனையின் உரிமையோடும் மீட்டெழுதும் கதைவகை. அமெரிக்காவில் இவ்வகைக்கு நெடிய மரபு உண்டு. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அந்நாட்டின் தென்மாநிலங்கள் பள்ளி, ரயில்பெட்டி, குடிநீர்க்குழாய் என ஒவ்வொன்றிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் சட்டத்தாலேயே பிரித்துவைத்தன. 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அந்த ஒதுக்கல்முறை பள்ளிகளில் செல்லாது என்று அதே நீதிமன்றம் 1954-இல்தான் தீர்ப்பளித்தது, பொது இடங்களில் அதை விலக்கிய சட்டம் 1964-இல்தான் வந்தது. அச்சமூகத்தின் நட்புக்கதைகளுக்கெல்லாம் மூத்தது எனத்தக்க மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1884-இல் வெளிவந்தாலும், தனக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் முந்தைய அடிமைக்காலத்தைக் காட்டுகிறது. தப்பியோடும் அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று வெள்ளைச் சிறுவன் ஹக் துணியும் இடம் அந்நாவலின் உச்சம். ஆனால் கடைசி அத்தியாயங்களில் அதே ஜிம் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகச் சிறுத்துப்போவதையும் மறைக்க முடியாது. விலகிப் போகும் வசதி நண்பர்களில் ஒருவனுக்கு மட்டுமே இருக்கிறது என்பதை எந்தக் கதை மறக்கிறதோ அது இனிப்பாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தமிழில் இப்பொருளை நேர்நின்று எதிர்கொண்ட நாவல் ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013). 1878-ஆம் ஆண்டின் சென்னை அதன் களம். அயர்லாந்துக்காரனான ஆங்கிலப் படை அதிகாரி ஏய்டன் பைர்னும், தாழ்த்தப்பட்ட சமூகத்தின் அறிவாளியான காத்தவராயனும் அதன் இரு துருவங்கள். அன்றைய சென்னை, கோட்டைக்குள் வெள்ளையர் பகுதியும் வெளியே ‘கறுப்பர் நகரம்’ என்றே பெயரிடப்பட்ட பகுதியுமாக வளர்ந்த ஊர்; இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அந்தக் கறுப்பர் நகரம். கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடரின் நிறுவனம் அமெரிக்க ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டிகளைச் சேமித்துவைத்த கிடங்கு ஆகும். விவேகானந்தர் 1897-இல் தங்கியதால் பின்னாளில் அவர் பெயரால் அறியப்படும் கட்டடம் அதுவே. வெள்ளையரின் மதுக்கோப்பையைக் குளிர்விக்கும் பனிக்கட்டியைச் சுமப்பவர்கள் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த தாழ்த்தப்பட்ட மக்கள் என்ற முரணிலிருந்து நாவல் தொடங்கி, அவர்களின் வேலைநிறுத்தத்தையும் அதன் ஒடுக்கலையும் நோக்கி நகர்கிறது.

பின்னணியில் நிற்பது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருஷப் பஞ்சம். ஏறத்தாழ 55 லட்சம் பேர் மாண்டதாகப் பரவலாகக் கணக்கிடப்படும் அப்பேரழிவின்போதும் தானிய ஏற்றுமதி நின்றபாடில்லை. நிவாரணப் பணியில் கல்லுடைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓரணாவும் போதுமெனச் சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி, அவர் பெயராலேயே ‘டெம்பிள் கூலி’ என வழங்கியது. ஏய்டனை அயர்லாந்துக்காரனாக்கியதில் ஆசிரியரின் நுட்பம் தெரிகிறது: 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது, அங்கே அடக்கப்பட்டவன் இங்கே அடக்குவோரின் சீருடையில் வருகிறான். அதனால் காத்தவராயனின் துயரம் அவனுக்குப் புரிகிறது; புரிந்தும் அவனால் ஆவது மிகக் குறைவு. சாதி இந்துக்களான இடைத்தரகர்களின் நலனும் ஆட்சியின் நலனும் பிணைந்திருப்பதால், நிறக்கோட்டைத் தாண்டிக் கைகுலுக்கும் இருவருக்கும் எதிரே சாதிக்கோடு அசையாமல் நிற்கிறது.

குறையும் உண்டு. கதை பெரும்பாலும் ஏய்டனின் கண்வழியே சொல்லப்படுவதால் அவனது குற்றவுணர்வு வாசகருக்கு நெருக்கமாகும் அளவுக்குக் காத்தவராயனின் உள்ளம் நெருக்கமாவதில்லை. காத்தவராயன் என்பது அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) இயற்பெயர் என்பதும், பிற்காலத்தில் ‘தமிழன்’ இதழை நடத்திய அவர் 1870-களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவிச் செயல்பட்டவர் என்பதும் அறியப்பட்டவை. அவரை நினைவூட்டும் பாத்திரத்தைப் பஞ்சகாலச் சென்னையில் நிறுத்தியது நாவலாசிரியரின் உரிமை. ஆயினும் வரலாற்று அயோத்திதாசருக்கு வெள்ளையர் ஒருவரோடு மெய்யாகவே தோழமை இருந்தது என்பதும், அது கற்பனைத் தோழமையைவிடச் சிக்கலானது என்பதும் கவனிக்கத்தக்கன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களுக்கு எதிரான வடக்குத் தரப்பில் பணியாற்றிக் கர்னல் பட்டம் பெற்ற ஹென்றி ஆல்காட், பின்னாளில் பிரம்மஞான சபையின் தலைவராக அடையாற்றில் குடியேறி, நால்வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் என்னும் பொருளில் அந்நாளில் ‘பஞ்சமர்’ எனப்பட்ட குழந்தைகளுக்கு 1894 முதல் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். 1898-இல் அயோத்திதாசர் அவருடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார். இந்த உறவில் அயோத்திதாசர் உதவியை எதிர்பார்த்து நின்றவர் அல்லர். தம் மக்கள் முற்காலத்தில் பௌத்தர்களே என்னும் முடிவான கருத்தோடு வந்து, ஆல்காட்டின் தொடர்புகளை அதற்குப் பயன்படுத்திக்கொண்டவர். புனைகதை தொட வேண்டிய சமன்பாடு இதுதான்.

நிறம் விலகி, சாதி மட்டும் நிற்கும் தோழமைக்குப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) சான்று. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவன் கூளையனும் கவுண்டர் வீட்டுப் பிள்ளை செல்வனும் மேய்ச்சல் காட்டில் ஒன்றாகத் திரிகிறார்கள்; காட்டில் தளரும் விதி பண்ணை வாசலில் இறுகுகிறது. ஆசிரியர் எங்கும் உபதேசம் செய்யாததே அதன் வலிமை.

திருவண்ணாமலைக்கும் இவ்விலக்கியத்தில் பங்குண்டு. எவரெஸ்ட் ஏற 1922-லும் 1924-லும் முயன்ற குழுக்களில் இடம்பெற்று, பின்னர் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு உழைத்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றிய ‘ஓலைச்சிலுவை’ கதை அடங்கிய ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பு 2011-இல் திருவண்ணாமலையின் வம்சி புக்ஸ் வெளியீடாகவே வந்தது. இனி எழுதப்பட வேண்டியதும் அருகிலேயே இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் செல்லும் உரிமையைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-இலேயே உறுதிசெய்திருந்தும், இம்மாவட்டத் தென்முடியனூரின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அவ்வூர்த் தலித் மக்கள், சுமார் எண்பது ஆண்டு விலக்கலுக்குப் பின், 2023 ஜனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. அந்த எண்பது ஆண்டுகளிலும் கோயில் சுவரின் இருபுறமும் சேர்ந்து வளர்ந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அவர்களில் சிலர் நண்பர்களாகவும் இருந்திருப்பார்கள். அரசுக் கோப்புகள் வழக்கையும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் பதிவுசெய்யுமே தவிர, எந்த வயதில் அந்த நட்பு எந்த வீட்டு வாசலில் நின்றுபோனது என்பதைப் பதிவுசெய்வதில்லை.