ஆமைக்குப் பால் சோறு வேண்டாம்

கர்நாடக மாநிலம் கோலார் பக்கத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்து ஓய்ந்த காலை நேரம். ஆடு மேய்க்கப் போன சிறுவன் புதர் ஓரத்தில் ஓர் ஆமையைப் பார்த்தான். கறுப்பு ஓடு. ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நட்சத்திரம் வரைந்தது போல இருந்தது. சிறுவன் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று பாட்டி பயந்தார்.

"அதெல்லாம் இல்லை. இந்த ஆமை இருந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆமை வீட்டிலேயே தங்கிவிட்டது. சிறுவன் அதன் மேல் உயிரையே வைத்திருந்தான். தினமும் பால் சோறு வைத்தான். வாழைப்பழம் கொடுத்தான். பிஸ்கட்டும் கொடுத்தான். ஆமையும் தின்றது. இரவும் பகலும் கூடைக்குள் இருந்தது.

சில மாதங்கள் போயின. ஆமை தீனி எடுக்கவில்லை. கழிச்சல் கண்டது. நடக்கும்போது வயிறு தரையில் உரசியது. ஓட்டைத் தொட்டால் கெட்டியாக இல்லை. சிறுவனும் அப்பாவும் அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார்கள்.

"என்ன தீனி போட்டீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார்.

"பால் சோறுதான் டாக்டர். ஒரு நாள்கூடப் பட்டினி போடவில்லை" என்றார் அப்பா.

"பட்டினி போடவில்லை, சரி. ஆனால் அதன் வயிற்றுக்கு ஏற்ற தீனியைப் போடவில்லையே!" என்றார் மருத்துவர்.

அது எப்படி? மருத்துவர் சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

இது எந்த ஆமை?

இதன் பெயர் நட்சத்திர ஆமை. இது தரையில் வாழும் ஆமை. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் வறண்ட காடுகளில் இது உண்டு. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் புதர்க் காடுகளிலும் உண்டு. இலங்கையிலும் உண்டு. ஆணைவிடப் பெண் ஆமை பெரியது.

தரை ஆமையையும் நீர் ஆமையையும் எப்படிப் பிரித்து அறிவது? காலைப் பாருங்கள். தரை ஆமையின் கால் யானைக் கால் போலத் தடித்து இருக்கும். நீர் ஆமையின் விரல்களுக்கு நடுவே வாத்தின் காலில் இருப்பது போல் தோல் இருக்கும்.

இது தெரியாமல் சிலர் தரை ஆமையைக் கிணற்றிலோ குளத்திலோ போட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. அது மூழ்கிச் செத்துப்போகும்.

அதன் இயற்கை உணவு என்ன?

நட்சத்திர ஆமை காலையிலும் மாலையிலும் மேயும். வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகத் திரியும். புல்லைத் தின்னும். இலை, தழை, பூக்களைத் தின்னும். சப்பாத்திக்கள்ளியையும் தின்னும். கீழே உதிர்ந்த பழம் எப்போதாவது கிடைக்கும். அதையும் விடாது.

இதில் பெரும்பகுதி எது? புல்லும் முரட்டு இலைகளும்தான். இவற்றில் நார்ச்சத்து மிகுதி.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

ஆமைக்குப் பல் கிடையாது. கிளியின் அலகு போன்ற கெட்டியான வாய் இருக்கிறது. அதனால் புல்லைக் கடித்து விழுங்கும். மென்று தின்னாது. அப்படியானால் புல் எப்படிச் செரிக்கிறது?

ஆமையின் பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இவை கண்ணுக்குத் தெரியாதவை. இவைதான் நாரை மெல்ல மெல்லச் சிதைத்துச் சத்தாக மாற்றுகின்றன. இதற்குப் பல நாட்கள் ஆகும். நார் இருந்தால்தான் குடல் ஒழுங்காக அசையும். நல்ல நுண்ணுயிர்களும் பெருகும்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மாட்டின் வயிற்றிலும் இப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் உண்டு. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு அளவுக்கு மீறிப் போட்டால் என்ன ஆகும்? வயிற்றில் சோறு புளிக்கும். வயிறு உப்பும். மாடு செத்தும் போகலாம். ஆமைக்கும் அதே கதைதான். சோறு, ரொட்டி, பிஸ்கட், இனிப்புப் பழம் ஆகியவை குடலில் புளித்துப் போகும். காற்று சேரும். கழிச்சல் வரும். நல்ல நுண்ணுயிர்கள் அழியும்.

பால் கொடுக்கலாமா? கூடாது. ஆமை முட்டையில் இருந்து வருவது. எந்த ஆமையும் தாயிடம் பால் குடித்து வளர்வதில்லை. பாலைச் செரிக்கும் சக்தி அதற்கு இல்லை.

ஓடு ஏன் மெலிந்தது?

ஆமையின் ஓடு எலும்பால் ஆனது. அது கெட்டியாக வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். பச்சிலைகளில் அது இருக்கிறது. சோற்றில் மிகக் குறைவு. அந்தச் சத்து உடம்பில் சேர வெயிலும் வேண்டும். சிறுவனின் ஆமைக்குப் பச்சிலை கிடைக்கவில்லை. கூடைக்குள் வெயிலும் படவில்லை. அதனால்தான் ஓடு கெட்டியாகவில்லை.

இந்தக் கேடு ஒரு நாளில் தெரியாது. ஆமைக்கு எல்லாமே மெதுவாக நடக்கும். அதன் ஆயுளும் நீளம். கொல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவில் அத்வைதா என்ற பெரிய ஆமை இருந்தது. அது வேறு நாட்டுத் தீவில் இருந்து வந்த வேறு இனம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பூங்காவில் வாழ்ந்து 2006-ஆம் ஆண்டு இறந்தது. இப்படிப்பட்ட உயிருக்கு நோய் வந்தாலும் மெதுவாகத்தான் வெளியே தெரியும். நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

சரியான தீனி எது?

உயிரியல் பூங்காக்களிலும் மீட்பு மையங்களிலும் தரை ஆமைகளைப் பராமரிக்கிறார்கள். அங்கே பின்பற்ற வேண்டிய முறை இதுதான்:

பெரும்பகுதி: அருகம்புல் போன்ற புல் வகைகள், உலர்ந்த புல்.
அதோடு: செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, சப்பாத்திக்கள்ளி மடல் (முள் நீக்கியது).
சிறிதளவு: கேரட், பூசணி போன்ற காய்கள்.
எப்போதாவது: ஒரு துண்டுப் பழம்.
கூடவே கூடாது: சோறு, பால், ரொட்டி, பிஸ்கட், இறைச்சி.

பாலக்கீரையை அடிக்கடி கொடுக்கக் கூடாது. அதில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. மருந்து தெளித்த புல்லையும் கொடுக்கக் கூடாது. தண்ணீரை ஆழம் இல்லாத தட்டில் வைக்க வேண்டும்.

நாம் வீட்டில் வளர்க்கலாமா?

தீனி தெரிந்துவிட்டது. இனி வீட்டில் வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நட்சத்திர ஆமையைப் பாதுகாக்கிறது. அதைப் பிடிப்பது குற்றம். விற்பது குற்றம். வாங்குவது குற்றம். வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

ஏன் இவ்வளவு கடுமை? இதன் அழகே இதற்கு எதிரி. காட்டில் பிடித்த ஆமைகளைப் பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். சென்னை, பெங்களூரு விமான நிலையங்களில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. வழியிலேயே செத்துப்போகும் ஆமைகளும் உண்டு. 2019-ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடிப் பேசி, நாடுகளுக்கு இடையே இந்த ஆமையை விற்பதற்கு மிகக் கடுமையான தடை விதித்தன.

ஆமையைப் பார்த்தால் என்ன செய்வது?

வயலிலோ புதரிலோ பார்த்தால் விட்டுவிடுங்கள். அது வழி தவறி வரவில்லை. அதுதான் அதன் வீடு.

சாலையைக் கடக்கிறதா? அது போகும் திசையிலேயே சாலையின் மறுபக்கம் எடுத்து விடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஆமையின் மேல் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா? நீங்களாகக் காட்டில் விட வேண்டாம். அதற்கு நோய் இருந்தால் மற்ற ஆமைகளுக்கும் பரவும். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

அந்தச் சிறுவனின் அப்பாவும் பயந்தார். "எங்களைப் பிடித்துப் போவார்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"மறைத்து வைத்தால்தான் தவறு பெரிதாகும். நடந்ததை நடந்தபடி சொல்லி ஒப்படையுங்கள். நானும் எழுதித் தருகிறேன்" என்றார் மருத்துவர்.

அன்றே வனத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். சிறுவன் அழுதான்.

"நான் நல்லதுதானே கொடுத்தேன், அப்பா?" என்று கேட்டான்.

"நமக்கு நல்லதைக் கொடுத்தோம், தம்பி. அதற்கு நல்லது எது என்று கேட்கவில்லை" என்றார் அப்பா.

அடுத்த மழைக்காலம் வந்தது. சிறுவன் ஆடு மேய்க்கப் போனான். புதர் ஓரத்தில் வேறொரு நட்சத்திர ஆமை புல் மேய்ந்துகொண்டு இருந்தது. சிறிது நேரம் நின்று பார்த்தான். பிறகு ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனான்.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் ஆமையைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அதனால் ஆமைக்கு நன்மையா, தீமையா?
2. மாட்டுக்கும் ஆமைக்கும் சோறு ஏன் ஒத்துக்கொள்வது இல்லை?
3. ஆமையைக் கிணற்றில் விடப் போகும் ஒருவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?