உணவு மாற்றமும் மந்த ஜீரணமும்

கோலார் மாவட்டத்தில் பங்காருப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த பூதிகோட்டையை, ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரம் படித்தோர் அறிவர். அவ்வூரைச் சுற்றியுள்ள செம்மண் புன்செய்களை அறிந்தோருக்கோ அது கேழ்வரகு விளையும் சீமை. கேழ்வரகு மாவைக் கிளறி உருட்டிய களி, கீரையையும் அவரையையும் வேகவைத்து இறுத்த சாறு, கொள்ளு, மோர் ஆகியவையே அப்பகுதி உழவரின் பரம்பரை ஆகாரம். அண்மையிலுள்ள தங்கவயலுக்கு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களுக்கும் கூழும் களியும் புதியவை அல்ல. ஆலையில் தீட்டிய அரிசி கைக்கெட்டிய பின்னர், கேழ்வரகு ஏழையின் உணவு என்று பெயர் பெற்றுப் பின்னடைந்தது.

இப்பொழுது காற்று திரும்பி வீசுகிறது. இந்தியாவின் முயற்சியால் 2023-ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையால் கொண்டாடப்பட்டது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கர்நாடக அரசின் பள்ளிகளில் பாலுடன் கேழ்வரகு மாவுக் கலவை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கு அஞ்சியும், உடற்பருமனுக்கு அஞ்சியும், வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை, பால், எண்ணெய்ப் பலகாரம் அனைத்தையும் ஒரே நாளில் விலக்கி, முழுத் தானியத்திற்கு மாறுவோர் பெருகி வருகின்றனர். மாறிய சில நாட்களிலேயே வயிறு உப்புசம், மந்தம், மலச்சிக்கல் என்று அவர்களுள் பலர் முறையிடுகின்றனர். நன்மை நாடி உண்ட உணவு ஏன் இவ்வாறு செய்கிறது? பதில் கிடைக்காத பலர், "இத்தானியம் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டிப் பழைய உணவுக்கே திரும்பி விடுகின்றனர். நீரிழிவு உள்ளவருக்கு அது சிறிய நஷ்டம் அன்று.

முதற் காரணம் வெறுங் கணக்கே. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ப்பொருள் உண்டு. தீட்டிய அரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்டு வந்தவர் அதே அளவு கேழ்வரகுக்கு மாறினால், தானியத்திலிருந்து பெறும் நார் ஏறக்குறைய 8 கிராமிலிருந்து 33 கிராமுக்குத் தாவுகிறது. அதிலும் பெரும்பகுதி நீரில் கரையாத நார். நெல்லின் தவிட்டை ஆலை எளிதில் நீக்கிவிடும்; கேழ்வரகின் விதைத்தோலோ மாவுப் பகுதியுடன் இறுக ஒட்டியிருப்பதால், வீட்டில் அரைக்கும்போது தோலும் மாவுடன் சேர்ந்தே வருகிறது. (மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இத்தோலை நீக்கவும் ஒரு முறை கண்டுள்ளனர், ஆயினும் முழுத் தானியம் வேண்டுவோர்க்கு அது பயன்படாது.) தோலிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீரிழிவுக்காரருக்கு நன்மை செய்யும் அத்தன்மையே, பழகாத வயிற்றில் கனமாகத் தோன்றக்கூடும்.

இரண்டாவது காரணம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியது. நம் நொதிகளால் ஜீரணிக்க இயலாத நாரின் ஒரு பகுதியை அவை புளிக்கச் செய்து, குடற்சுவருக்கு உணவாகும் சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. அப்போது வாயுவும் பிறக்கிறது. உணவு மாறிய சில நாட்களுக்குள்ளேயே இந்நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பு மாறத் தொடங்குவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனினும் வயிறு அமைதியுற வாரங்கள் ஆகலாம். இத்துறையில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் பங்கும் உண்டு. சிறுகுடலில் ஜீரணமாகாத மாவுச்சத்தை உப்பு–சர்க்கரைக் கரைசலுடன் கொடுத்தால் காலராப் பேதி விரைவில் அடங்குகிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் காட்டினர். அம்மாவுச்சத்தும் பெருங்குடல் நுண்ணுயிர்களின் வழியாகவே பயன் தருகிறது. சோற்றை ஆறவைத்தால் இவ்வகை மாவுச்சத்து ஓரளவு கூடுகிறது. நம் பழைய சோறு இதற்கு உதாரணம்.

மூன்றாவது காரணமே களப்பணியாளர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. பூதிகோட்டை உழவர் களியை மட்டும் உண்டவர் அல்லர். களியுருண்டை நன்றாக வெந்து நீரை ஏற்றது; அதனை நீர்த்த சாற்றில் தோய்த்து விழுங்கினர்; இடையே மோரும் கூழும் அருந்தினர்; பகலெல்லாம் நிலத்தில் உழைத்தனர். நகரவாசியோ அந்த முழு அமைப்பிலிருந்து மாவை மட்டும் பிரித்தெடுத்து, உலர்ந்த ரொட்டியாகத் தட்டி உண்டு, நாற்காலியில் அமர்ந்து விடுகிறார். தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்ட பின், அங்கிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை செய்வோர் பலர். வழியில் கழிப்பிடம் தேட நேருமோ என்று தண்ணீரைக் குறைப்பதும், காலையில் எழும் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு வண்டியைப் பிடிப்பதும் இத்தகையோருக்கு எளிதில் வழக்கமாகிவிடும். நீரின்றிச் சேரும் நார் மலத்தைப் பெருக்குமேயன்றி இளக்காது. நார் எல்லாருக்கும் மருந்து என்று கொள்வதும் தவறு. சிங்கப்பூரில் மலச்சிக்கலுற்ற 63 பேரைக் கொண்டு நடத்தி, 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிற்றாய்வில், நாரை நிறுத்தியோரே குணமடைந்தனர்.

எண்ணெயை முற்றும் விலக்குவதும் கேடு. உணவு இரைப்பையை அடைந்தவுடன் பெருங்குடல் அசைந்து கொடுப்பது இயற்கை. கொழுப்பும் போதிய உணவளவும் இவ்வசைவைத் தூண்டுகின்றன. பட்டினிக்கு அடுத்த அளவில் உண்போரின் குடல் சோம்பிக் கிடப்பதில் வியப்பில்லை.

விலக்குணவு முறை மருத்துவத்திற்குப் புதிதன்று. ஒவ்வாமை தரும் பதார்த்தத்தைக் கண்டறிய, 1920-களில் கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ரோ என்னும் மருத்துவர் அதனை வகுத்தார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் பிற்காலத்தில் அமைத்த முறையிலும், சில வாரங்களே விலக்கி, பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதே விதி. நம் நாட்டில் முதற் பாதியைக் கைக்கொள்வோர் இரண்டாம் பாதியை மறந்து விடுகின்றனர். பாலையும் பருப்பையும் மாதக்கணக்கில் நீக்கிவிட்டு, அவற்றுக்கு ஈடாக எதையும் சேர்ப்பதில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் மேற்பார்வையின்றி இம்முறையைப் பரிந்துரைத்தலாகாது.

மாற விரும்புவோர்க்குச் சொல்லத்தக்கது இதுவே: முதல் வாரம் நாளுக்கு ஒரு வேளை மட்டும் கேழ்வரகு; அதுவும் கூழாகவோ நன்கு வெந்த களியாகவோ, கீரைச் சாற்றுடன். வயிறு ஏற்றுக்கொண்டால், இரண்டு மூன்று வாரங்களில் அளவைக் கூட்டலாம். மாவை இரவே கரைத்துப் புளிக்க வைப்பதும், தானியத்தை முளைகட்டி அரைப்பதும் பழைய வழக்கங்கள். துவர்ப்பையும், தாதுக்களைப் பிணிக்கும் பைட்டிக அமிலத்தையும் இவை குறைக்கின்றன. காலையுணவுக்குப் பின் பத்து நிமிடம் கழிப்பிடத்திற்கென ஒதுக்குதல் நலம். ஆசிரியர்கள் தம் பள்ளியின் கழிப்பறையை ஒருமுறை சென்று பார்ப்பார்களாக. அது பயன்படுத்தத் தகாததாயின், சிறுமியர் தண்ணீர் குடியாமலும் மலத்தை அடக்கியும் நாள் கழிப்பர். அங்கே எந்தத் தானியமும் உதவாது. இரும்புச்சத்து மாத்திரைகளும் சிலருக்கு மலச்சிக்கல் உண்டாக்கும். அவற்றால் மலம் கறுப்பது இயல்பே என்று மாணவியருக்கும் தாய்மாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வீண் அச்சம் எழாது.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, ஓயாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் மலச்சிக்கல் ஆகியவற்றை உணவு மாற்றத்தின் மீது சுமத்தாமல் மருத்துவரிடம் அனுப்புதல் கட்டாயம். கோலார் மாவட்டத்திற்குரிய வேறொரு செய்தியும் உண்டு. அங்குப் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குடிக்கக் கொள்ளலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. வயிற்று உபாதையும் மலச்சிக்கலும் புளோரைடு நஞ்சின் தொடக்க அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். ஆதலின், "தண்ணீர் மிகுதியாகக் குடியுங்கள்" என்று கூறுமுன், அத்தண்ணீர் எந்தக் கிணற்றது, பரிசோதிக்கப்பட்டதா, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கொணர்ந்ததா என்று பணியாளர் கேட்டறிய வேண்டும்.