வழித்துணைப் பெட்டி

நெடுஞ்சாலையில் மகிழுந்து பழுதாகி நிற்பதைவிட, இருளில் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்பதே பேரிடர். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் வரும் ஊர்தி, ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டரைக் கடந்துவிடும். எனவே, அவசரக் கருவிப்பெட்டியில் முதலிடம் பெறத்தக்கது ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணமே. அதனை வண்டிக்கு 50 மீட்டர் பின்னால் வைத்தால், பின்வருபவர் விழிப்படைந்து விலகுவதற்கு இரண்டு நொடிக்குமேல் கூடுதலாகக் கிடைக்கும். அதனை வைக்கச் செல்பவர் எதிரொளிக்கும் மேலாடை அணிதல் வேண்டும்; உடன்வந்தோர் சாலையை விட்டு விலகி நிற்றல் வேண்டும்.

அடுத்து வேண்டுவன சக்கரம் மாற்றும் கருவிகள். பணிமனைகளில் 'ஸ்டெப்னி' எனப்படும் மாற்றுச்சக்கரம், 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் உருவானது. அந்நகரத் தெருவொன்றின் பெயரே தமிழ்ப் பேச்சுவழக்கிலும் கலந்தது. அச்சக்கரத்தில் காற்றில்லையெனில், ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தும் பயனில்லை. ஆதலால், மாதம் ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்த்தல் நன்று. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அதன்பின்னரே வண்டியை உயர்த்துதல் வேண்டும். உயர்த்தியபின் விசையுடன் திருகினால் வண்டி சரியக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைதல் கூடாது.

கைவிளக்கு, கையுறை, பேட்டரி இணைப்புக் கம்பிகள், முதலுதவிப் பொருள்கள், குடிநீர் ஆகியனவும் பெட்டியில் இடம்பெறுதல் வேண்டும். கைப்பேசி செயலிழக்கவும் கூடுமாதலால், 108, 112 ஆகிய அவசர எண்களையும் உறவினர் எண்களையும் தாளில் எழுதி வைத்தல் நலம்.

ஓட்டுநரே காயமுற நேரின், பெட்டியைத் திறப்பவர் உடனிருப்பவரே. ஆகவே, உரிமம் பெறும் அகவையை எட்டாதோரும் அதன் இருப்பிடத்தையும் பயன்பாட்டையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.