மூன்றாம் குழந்தையின் விலை

பிரிட்டிஷார் கால் பதித்து ஐந்து வருஷங்களுக்குப் பின், 1824-ஆம் வருஷத்து ஜனவரி மாதத்தில், சிங்கப்பூர்த் தீவில் முதன்முறையாகத் தலைக்கணக்கு எடுத்தபோது 10,683 பேர் இருந்தார்கள். இருநூறு வருஷங்கள் கழித்து, 2024-இல், அத்தீவில் வசித்தவர்களின் தொகை 60 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இந்த வளர்ச்சியைப் பார்த்து வியக்கிற ஒருவர், அவர்களுள் 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் உத்தியோகத்துக்காகவும் படிப்புக்காகவும் வந்து தங்கியிருக்கும் அந்நியர் என்பதையும், பிரஜைகள் 36 லட்சம் பேரே என்பதையும், அந்தப் பிரஜைகளின் வீடுகளில் தொட்டில் கட்டுவது அபூர்வமாகிக் கொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துக் கவனிப்பாரானால், அந்தத் தேசத்து ராஜாங்கத்துக்கு உறக்கம் வராததன் காரணத்தை எளிதில் அறிந்து கொள்வார்.

இன்றைய கவலை இதுவாயினும், சுதந்திரம் கிடைத்த 1965-இல் அவர்களை வாட்டிய கவலை இதற்கு நேர் விரோதமானது. நீருக்குக்கூட அண்டை நாட்டை எதிர்பார்த்திருந்த அந்தச் சிறு தீவில், ஒரு பெண் தன் ஆயுளில் சராசரியாக நான்கு குழந்தைகளுக்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தாள். பிறக்கிறவர்களுக்குப் பள்ளியும் வேலையும் எங்கே என்று மந்திரிகள் மலைத்தார்கள். 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு வாரியம் ஏற்பட்டது. 1972 முதல், ஆணானாலும் பெண்ணானாலும் இரண்டு போதும் என்ற பிரசாரம் சுவரொட்டிகளில் எங்கும் தென்பட்டது. பிரசாரத்தோடு நின்றிருந்தால் அது மற்ற தேசங்களிலும் நடந்த கதைதான். சிங்கப்பூர் அரசாங்கமோ தன் சொல்லுக்குப் பின்னால் கட்டணச் சீட்டையும் நீட்டியது. குழந்தைகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டணமும் ஏறியது. இரண்டு பிரசவங்களுக்கு மேல் சம்பளத்தோடு விடுப்பு இல்லை என்றாயிற்று. பெரிய குடும்பத்துக்கு வீடு ஒதுக்குவதில் இருந்த முன்னுரிமை நீங்கியது. கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் சலுகை கிடைத்தது. மூன்றாம் குழந்தை பிறப்பது குற்றமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1975-இல் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 2.1-க்கு இறங்கிற்று. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் நிரப்பிக்கொள்ளப் போதுமான அளவு அதுவே என்பர். அதற்குப் பின்னும் இறக்கம் நிற்கவில்லை.

இந்த வெற்றியின் பெருமையை வாரியத்துக்கே முழுதும் அளித்துவிடுவது நியாயமாகாது என்று தோன்றுகிறது. அதே வருஷங்களில்தான் பெண்கள் பள்ளிப்படிப்பை முடித்துத் தொழிற்சாலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் திரளாகச் சென்றார்கள். 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர்களை அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியது. பாட்டனும் பேரனும் சிற்றப்பனும் ஒரே கூரையின் கீழ் இருந்த நிலை மாறி, ஒரு தம்பதியும் அவர்கள் மக்களும் வசிப்பதே குடும்பம் என்றாகியது. ராஜாங்கம் கட்டளையிடாமலிருந்திருந்தாலும் ஜனங்கள் அதே திசையில்தான் நடந்திருப்பார்கள். கட்டளை அவர்களுடைய நடையைச் சற்றுத் துரிதப்படுத்தியது, அவ்வளவே. இதை உணராததனால்தான், திசையை மாற்றவும் மற்றொரு கட்டளை போதும் என்று ஆட்சியாளர் பின்னர் நம்பினார்கள் போலும்.

முதல் முயற்சி விபரீதமாக முடிந்தது. 1983-ஆம் வருஷத் தேசிய தினப் பேருரையில் பிரதமர் லீ குவான் யூ, பட்டம் பெற்ற பெண்கள் பலர் விவாகமின்றி இருந்துவிடுவதையும், படிப்புக் குறைந்த பெண்களே அதிகமாகப் பிள்ளை பெறுவதையும் சுட்டிக்காட்டி, தேசத்தின் அறிவு வளம் குன்றிவிடும் என்று வருந்தினார். மறு வருஷமே, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. படித்த பெண்களே அதை அவமானமாகக் கருதினார்கள். 1984 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் வெகுவாகச் சரிந்தது. 1985-இல் திட்டம் கைவிடப்பட்டது. தாயின் பட்டத்தைப் பார்த்துக் குழந்தையின் தகுதியை நிர்ணயித்த அந்த யோசனை ஓராண்டாவது நடந்தேறியதே வியப்பு.

1987-இல், வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று துணைப் பிரதமர் கோ சோக் டோங் அறிவித்தபோது, இரண்டு போதும் என்ற கொள்கை முறைப்படி முடிவுக்கு வந்தது. அடுத்த 1988 சீன நாட்காட்டியில் டிராகன் வருஷம். சுபமான வருஷம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டதனால் அவ்வாண்டு பிறப்புகள் மிகுந்தன. பிறகு பழைய சரிவே தொடர்ந்தது. 2001-இல் குழந்தை போனஸ் திட்டம் தோன்றி, அதன் தொகையும் பலமுறை உயர்ந்தது. 2023-இல் சராசரி 0.97, 2024 மீண்டும் டிராகன் வருஷமாக வந்தபோதிலும் அதே 0.97. மலாய்க் குடும்பங்களில் மட்டும் இது ஓரளவு உயர்ந்து நிற்கிறதேயன்றி, அவர்களும் 2.1-ஐ எட்டவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில், மூன்றாவதாகவும் அதற்குப் பின்னும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 16,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை கூடுதல் உதவி அறிவிக்கப்பட்டது. மதகை அடைத்து வெள்ளத்தை நிறுத்தலாம். மதகைத் திறந்துவிட்டால் மழை பெய்துவிடுமா?

விவாகத்துக்கும் வீட்டுக்கும் அங்கே ஏற்பட்டிருக்கும் பந்தம் வேறு தேசத்தாருக்கு வினோதமாகத் தோன்றும். பிரஜைகளிலும் நிரந்தரவாசிகளிலும் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வசிப்பது வீவக வீடுகளிலேயே. விவாகமாகாதவர் தனியாக அத்தகைய வீடு வாங்க 35 வயது நிறைய வேண்டும். ஆகவே மணம் செய்துகொள்ள எண்ணும் ஜோடி முதலில் வீட்டுக்கு விண்ணப்பித்து, கட்டி முடியும்வரை சில வருஷங்கள் பொறுத்திருந்து, சாவி கைக்கு வந்த பின் குறித்த காலத்துக்குள் விவாகத்தைப் பதிவு செய்யலாம். வீட்டுக்கு விண்ணப்பிப்போமா என்று காதலன் கேட்பதே நிச்சயதார்த்தம் என்று அவ்வூரார் பரிகசிப்பதுண்டு. பரிகாசம் இருக்கட்டும், இந்தக் காத்திருப்பில் கழிவது பிள்ளை பெறும் பருவத்தின் நல்ல வருஷங்கள். 25 முதல் 29 வயதுக்குட்பட்ட பெண்களுள் விவாகமாகாதோர் 2010-இல் 54 சதவீதம். 2020-இல் 69 சதவீதம்.

குடும்பங்களின் அளவைப் பார்த்தால் மாறுதல் இன்னும் தெளிவாகும். 1980-இல் ஒரு வீட்டில் சராசரியாக 4.9 பேர், 2020-இல் 3.2 பேர். 2010-க்கும் 2020-க்கும் இடையே பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து 7 சதவீதம் பெருகியிருக்க, குடும்பங்கள் ஏறக்குறைய 20 சதவீதம் பெருகின. ஆட்கள் பெருகுவதைவிட வேகமாக வாசற்கதவுகள் பெருகுகின்றன என்பதே இதன் பொருள். ஒருவரே தனித்து வாழும் வீடுகள் 2000-இல் 8 சதவீதமாக இருந்து, 2020-இல் 16 சதவீதமாயின. பெற்றோரை அலட்சியம் செய்யும் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற 1995-இலேயே ஒரு சட்டம் இயற்றியவர்கள், பெற்றோருக்கு 4 கிலோமீட்டருக்குள் வீடு வாங்கும் பிள்ளைக்கு மானியமும் தருகிறார்கள். பாட்டியிருந்த இடத்தில் இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும், சிலவிடங்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த பணிப்பெண் இருக்கிறாள். இத்தகையோர் சுமார் 3 லட்சம் பேர்.

பாட்டி இல்லாத வீட்டில் பாஷையும் மாறும். வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010-இல் 3.3 சதவீதமாக இருந்து 2020-இல் 2.5 சதவீதமாகக் குறைந்தனர். ஆங்கிலம் பேசுவோர் பாதியளவை நெருங்கிவிட்டனர். இதற்குப் பள்ளியும் உத்தியோகமும் முக்கிய காரணங்களேயாயினும், தாத்தா பாட்டியோடு பேசும் அவசியம் ஒழிந்ததும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு.

2030-இல் பிரஜைகளுள் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்று ராஜாங்கமே கணித்திருக்கிறது. அந்நியரை வரவழைத்துக் குறையை நிரப்புவதற்கும் எல்லை உண்டு. 2030-இல் மொத்த ஜனத்தொகை 69 லட்சம் வரை உயரலாம் என்று 2013-இல் வெள்ளை அறிக்கை வெளியானபோது, ஆர்ப்பாட்டம் என்பதையே அதிகம் கண்டிராத அந்நகரில் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆதலின் மற்றொரு வேலையும் ஓசையின்றித் தொடங்கியிருக்கிறது. 2021-இல் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில், 65 வயதானவர்களுக்கென்றே, சுமார் 32 சதுர மீட்டர் பரப்புள்ள வீடுகள் விற்பனைக்கு வந்தன. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் குளியலறை, மாடிதோறும் கூடிப் பேச ஒரு பொது இடம், பராமரிப்புச் சேவை ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, 15 முதல் 35 வருஷக் குத்தகைக்குக் கிடைக்கின்றன. இருபது வருஷங்களுக்கு மேலாகப் பெருகிவரும் போனஸ் தொகைகளைக் காட்டிலும், இந்தச் சிறு வீடுகளே அரசாங்கம் தன் ஜனத்தொகைக் கணக்கைச் சரியாக வாசித்திருப்பதற்கு அத்தாட்சி என்பது என் அபிப்பிராயம்.