பதினாறில் ஒரு பங்கு: தோல் நகரங்களில் முன்னோரைத் தேடுதல்

ஆம்பூரை அடுத்த உமராபாத், ஒரு தோல் வணிகரின் வரலாற்றைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. 1924இல் அங்கு ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காக்கா முஹம்மது உமர் சாஹிப் அவர்களே அவர். மேல்விஷாரத்தில் பிறந்து, தோல் வணிகத்தில் பொருளீட்டி வாரி வழங்கிய சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863–1938) அவர்களின் பெயரை 1965இல் தோன்றிய கல்லூரி தாங்கி நிற்கிறது. கல்லூரிக்கோ ஊருக்கோ பெயராகாத நம் முன்னோரை எங்கே தேடுவது? வணிகக் கணக்கேடுகளில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே தென்படும். பாட்டியார், முப்பாட்டியார் பெயர்கள் இரண்டு தலைமுறைகளில் மறைந்துவிடுகின்றன.

இக்குறையை ஈடுசெய்பவை ஷரீஅத்தின் நடைமுறையால் விளைந்த ஆவணங்களே.

முதலாவது, நிக்காஹ் பதிவேடு. மணமக்கள், அவர்தம் தந்தையர், சாட்சிகள், மஹர் ஆகியவற்றை இதில் காணலாம். காஜிகளை அரசு நியமிக்க வழிசெய்த 1880ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் சென்னை மாகாணத்திற்கே பொருந்தியது. ஆயினும், நிக்காஹுக்குக் காஜி வந்தே ஆகவேண்டுமென அது விதிக்கவில்லை. எனவே மஹல்லா பள்ளிவாசல் ஏடுகளையும் தேடவேண்டும். ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. ஹிஜ்ரி 1337 என்பது 1918 அக்டோபரில் தொடங்கி 1919 செப்டம்பரில் முடிந்தது. ரஜப் மாதம் எனக் குறிப்பிருந்தால் அது 1919 ஏப்ரல் எனத் துணியலாம்.

இரண்டாவது, பாகப்பிரிவினைப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றின் வழியே இதனை எட்டலாம். பதிவுக்கு வருவோரின் தந்தை பெயர், வாழிடம், தொழில் ஆகியவற்றைக் குறிப்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் முறை. அதனினும் அரிய செய்தியைப் பங்குகளே சொல்லும். மக்களை விட்டு ஒருவர் இறந்தால், கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்று உரியது. மனைவியர் இருவர் எனில் அதே எட்டில் ஒன்றையே சமமாகப் பகிர்வர். ஆகவே ஃபராயிள் முறைப்படி எழுதிய பத்திரத்தில் ஒரு விதவைக்குப் பதினாறில் ஒன்று கண்டிருப்பின், குடும்பம் மறந்துபோன இன்னொரு மனைவி அன்று உயிரோடு இருந்தார் என்பது தெளிவு. ஆறில் ஒரு பங்கு பெற்ற தாயார் காணப்படின், மகனுக்குப் பின்னும் அவர் வாழ்ந்திருந்தார் என அறியலாம்.

மூன்றாவது, வக்ஃபுப் பத்திரம். சந்ததியினருக்காகச் செய்யப்படும் வக்ஃபை 1913ஆம் ஆண்டுச் சட்டம் செல்லத்தக்கதாக்கியது. முதவல்லி பொறுப்பு யாருக்குப்பின் யாரைச் சேரும் என்னும் வரிசையே அங்கு ஒரு வம்சாவளியாக அமைந்துவிடும்.

தேடுவோர் எல்லை மாற்றங்களையும் அறிந்திருத்தல் நலம். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சார்ந்தது.

உறவைப் பேணும் அளவுக்கு வம்சத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதி தொகுப்பு அறிவிக்கிறது. குலப்பெருமைக்காக அன்று, உறவுக்காகவே. மறக்கப்பட்ட அந்த மனைவியின் வழிவந்தோர் அடுத்த தெருவிலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். உருதுவிலும் அரபுத் தமிழிலும் எழுதப்பட்ட ஏடுகளைப் படிக்கத் தெரிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பழைய பதிவேடுகளைப் படமெடுத்துப் படித்து வைத்தல் வேண்டும். ஏடு செல்லரித்தபின் அந்த உறவுக்குச் சாட்சி இராது.